செவ்வாய்ப்பேட்டையைச் சேர்த்துக்கொண்டால்

சேலமா கோயம்புத்தூரா என்ற பேச்சு மேற்கு மாவட்டங்களில் எங்கே கிளம்பினாலும் கடைசியில் கடைவீதியில் வந்துதான் நிற்கும். கோவைக்கு ஒப்பணக்கார வீதி இருக்கிறது, கிராஸ்கட் ரோடு இருக்கிறது, ஆர்.எஸ்.புரம் இருக்கிறது, சேலத்துக்கு என்ன இருக்கிறது, ஊரின் நடு எது என்றே தெரியவில்லையே என்பார்கள். சேலத்துக்காரர்களும் பெரும்பாலும் இதற்கு நேராகப் பதில் சொல்லாமல் மாம்பழத்துக்கோ ஏற்காட்டுக்கோ பேச்சை மாற்றிவிடுவார்கள். அவ்வளவு சீக்கிரம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. இந்த ஒப்பீட்டில் ஓர் ஊரை அளக்க ஒரு கோலும் இன்னோர் ஊரை அளக்க வேறு கோலும் எடுக்கப்படுகின்றன என்பது என் வாதம். ஒரே கோலால் அளந்தாலும் சேலம் சில விஷயங்களில் கோவைக்குப் பின்னால்தான் நிற்கும். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் பின்னால் நிற்பது வேறு, நடுநகரமே இல்லை என்பது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க, இரண்டு ஊர்களும் வளர்ந்த கதைக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

போட்டி ஊர்களை ஒப்பிடும்போது அளவுகோல் வளைவது நம்மூர் வியாதி மட்டுமில்லை. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றையொட்டி மினியாபொலிஸ், செயின்ட் பால் என்று இரண்டு இரட்டை ஊர்கள் இருக்கின்றன. 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எது பெரிய ஊர் என்ற வெறியில் இரண்டுமே கணக்கில் பொய்யாட்களைச் சேர்த்தன. ஒரு ரயில் நிலையக் கட்டடத்தில் மட்டும் நூற்றுக்கணக்கானவர்கள் குடியிருப்பதாக எழுதிவைத்திருந்தார்கள். மினியாபொலிசில் கணக்கெடுப்பாளர்களைக் கைது செய்யும் அளவுக்கு விவகாரம் முற்றியது. மறுபடி எண்ணியபோது இரண்டு ஊர்களின் தொகையும் இறங்கியது. நம்மூரில் இத்தனை துணிச்சலான திருட்டு தேவைப்படவில்லை. எல்லைக்கோட்டைத் தள்ளிப்போட்டாலே போதும். 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாநகராட்சியின் மக்கள்தொகை சுமார் 8.3 லட்சம். அதே ஆண்டு கோவையின் பழைய எல்லைக்குள், அதாவது சுமார் 105 சதுர கிலோமீட்டருக்குள், இருந்தவர்கள் சுமார் 10.5 லட்சம். சுற்றியிருந்த நகராட்சிகளையும் பேரூராட்சிகளையும் சேர்த்து எல்லை விரிந்ததும் அது சுமார் 16 லட்சமாயிற்று. முதல் எண்ணை எடுத்தால் கோவை சேலத்தைவிடக் கால் பங்குதான் பெரிது. இரண்டாவதை எடுத்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. இரண்டு எண்களும் உண்மைதான். எதை எடுத்துச் சொல்கிறோம் என்பதில்தான் சூட்சுமம்.

மக்கள்தொகைக்காவது காகிதத்தில் ஒரு கோடு உண்டு. நடுநகரத்துக்கு அதுவும் கிடையாது. இந்தச் சிக்கலை முதலில் முறையாகத் தீர்க்க முயன்றவர்களில் ரேமண்ட் மர்ஃபி, ஜே.ஈ. வான்ஸ் என்ற இரண்டு அமெரிக்கப் புவியியலாளர்கள் முக்கியமானவர்கள். சால்ட் லேக் சிட்டி, ஃபீனிக்ஸ், டல்சா உள்ளிட்ட ஒன்பது நடுத்தர ஊர்களை எடுத்துக்கொண்டு, அவற்றின் நடுநகரங்களை ஒரே விதியால் வரையறுக்கும் முறையை 1954இல் வெளியிட்டார்கள். தெருக்களால் சூழப்பட்ட ஒவ்வொரு கட்டத்திலும் சில்லறைக் கடை, வங்கி, அலுவலகம், ஓட்டல் போன்றவற்றின் தரைப்பரப்பை மாடி மாடியாகக் கூட்டுவார்கள். அது அந்தக் கட்டத்தின் மொத்தத் தரைத்தளப் பரப்புக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும். அங்குள்ள மொத்தத் தளப்பரப்பில் பாதியாவது இருக்க வேண்டும். அப்படி இருந்து, அடுத்தடுத்துத் தொடர்ந்தும் இருந்தால் அது நடுநகரம். மொத்த வியாபாரம், கிடங்கு, தொழிற்கூடம், வீடு, வழிபாட்டிடம் ஆகியவை அவர்கள் கணக்கில் நடுநகர வேலைகள் ஆகா. அமெரிக்க ஊர்களை ஒன்றோடொன்று ஒப்பிட இது நேர்மையான முறை, எல்லா ஊரும் ஒரே விதிக்குக் கட்டுப்படுவதால். இந்த விதியைச் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தால் ஒரு வேடிக்கை நடக்கிறது. ஊரின் மிகப் பழைய, மிகப் பணம் புழங்கும் பகுதி முதல் சுற்றிலேயே கணக்கை விட்டு வெளியே போய்விடுகிறது.

அந்தப் பகுதி செவ்வாய்ப்பேட்டை. செவ்வாய்க்கிழமைச் சந்தையாகத் தொடங்கி நிலைத்த பேட்டை. லீ பஜார், வெல்ல மண்டி, மளிகை மொத்தக் கடைகள், லாரி புக்கிங் ஆபீஸ்கள், அவற்றின் இடுக்குகளில் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் என்று அடைந்து கிடக்கும் இடம். ஒரு மண்டிக் கடையின் அமைப்பைப் பார்த்தால் இது விளங்கும். வாசல் ஒரு வண்டி நிற்கும் அகலம்தான். உள்ளே ஒரு மேஜை, ஒரு தராசு, சுவரோரம் சாக்கு மூட்டைகள். பின்கட்டு முழுக்கக் கிடங்கு, மேல்மாடி பல இடங்களில் வீடு. சரக்கு வந்து இறங்கி, விலை பேசி, ஏற்றிப் போவதெல்லாம் காலைப் பொழுதோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அலங்கார விளக்கு வேண்டாம், கண்ணாடிக் காட்சிப்பெட்டி வேண்டாம். வாங்குகிறவர் பெயர் சொல்லித் தெரிந்தவர். கொலுசும் அப்படித்தான். வெள்ளியை உருக்குபவர், கம்பி இழுப்பவர், சலங்கை செய்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று ஒரே ஜோடி கொலுசு பல பட்டறைகள் ஏறி இறங்குகிறது. பட்டறை என்பது பல சமயம் வீட்டின் முன்னறை. மர்ஃபியும் வான்ஸும் இங்கே வந்திருந்தால் கிடங்கு, வீடு, தொழிற்கூடம் என்று ஒவ்வொன்றாகக் கழித்துவிட்டு, மிச்சம் ஒன்றும் இல்லை என்று எழுதியிருப்பார்கள். மாலை ஆறு மணிக்கு வருகிற வெளியூர்க்காரர் அந்த விதியைப் படிக்காமலேயே அதே முடிவுக்கு வந்துவிடுகிறார். அந்த நேரத்தில் ஒப்பணக்கார வீதியில் வெளிச்சம் கண்ணைப் பறிக்கும்; லீ பஜாரில் பாதிக் கதவு சாத்தியிருக்கும். விடியற்காலை வந்து பார்த்தால் இதே ஒப்பீடு தலைகீழாக இருக்கும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை, ஏனென்றால் ஊர் பார்க்க யாரும் விடியற்காலையில் கிளம்புவதில்லை.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும். கோவையிலும் மொத்த வியாபாரம் இல்லையா, ரங்கே கவுடர் வீதியை எதில் சேர்ப்பது என்று கேட்பார்கள். சரியான கேள்வி. அந்த வீதியும் மேற்சொன்ன விதிப்படி கழிந்துதான் போகும். ஆனால் அது டவுன்ஹாலுக்குப் பக்கத்திலேயே, ராஜ வீதிக்கும் ஒப்பணக்கார வீதிக்கும் எட்டும் தூரத்தில், சில்லறைக் கடைகளின் முதுகோடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதைக் கழித்தாலும் கோவையின் நடுநகரத்தில் ஓட்டை தெரியாது. சேலத்தில் சில்லறைக் கடைவீதி கோட்டைக்கும் அக்ரகாரங்களுக்கும் பக்கத்தில் ஓரிடம், மொத்த வியாபாரம் செவ்வாய்ப்பேட்டையில் வேறிடம். ஒன்றைக் கழித்தால் பாதி ஊர் போய்விடும். ஆக, வேலைகள் ஒன்றுதான். அவை நெருங்கியிருக்கின்றனவா விலகியிருக்கின்றனவா என்பதுதான் வித்தியாசம். விலகியிருப்பதற்குக் காரணம் வரலாற்றில் இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குச் சேலம் வந்தது 1792இல், திப்புவோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில். கோவை வந்தது 1799இல், அவர் வீழ்ந்த பிறகு. அப்போதே சேலம் ஒற்றை ஊராக இல்லை. திருமணிமுத்தாற்றங்கரையில் ஒரு கோட்டை, அதைச் சுற்றிக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் பேட்டைகள். அம்மாபேட்டை, குகை, பொன்னம்மாபேட்டை போன்ற இடங்களில் தறி, செவ்வாய்ப்பேட்டையில் சந்தை. நெசவுக்குப் பாவு நீட்டத் தெரு வேண்டும், தண்ணீர் வேண்டும், தன் இனத்தார் பக்கத்தில் வேண்டும். அதனால் நெசவாளர் பேட்டைகள் கோட்டையடியில் நெருக்கிக்கொள்ளாமல் அவரவர் இடத்தில் அவரவர் கோயிலோடும் கடைத்தெருவோடும் நிலைத்தன. கோவையின் பழைய ஊரோ கோட்டைமேட்டுக்கும் பேட்டைக்கும் இடையில் கைக்கடக்கமாகக் கிடந்தது. இதை விளக்க நிலப்படத்தைவிடத் திருவிழா நல்ல சாட்சி. கோவையில் மாசித் தேர் கோனியம்மனுக்கு. தேர் சுற்றும் ராஜ வீதி, ஒப்பணக்கார வீதி, வைசியாள் வீதி இவற்றுக்குள் பழைய ஊர் முழுக்க அடங்கிவிடும். சேலத்தில் ஆடி மாதம் கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டியதும் மற்றப் பேட்டைகளின் மாரியம்மன்களும் சேர்ந்துகொள்வார்கள். கோட்டை மாரியம்மனை எட்டுப் பேட்டைக்கும் தலைமை என்பது வழக்கு. குகையில் வண்டி வேடிக்கை, செவ்வாய்ப்பேட்டையில் தனி விழா, அம்மாபேட்டையில் தனி விழா. தலைமை ஒன்று, மையங்கள் பல என்ற ஏற்பாட்டை ஊரே ஒவ்வோர் ஆடியிலும் நடத்திக்காட்டுகிறது. நகரமைப்பு நிபுணர்கள் இதற்குப் பிற்காலத்தில்தான் பெயர் தேடினார்கள்.

ரயில் வந்தபோது இந்த விலகல் இன்னும் கெட்டிப்பட்டது. 1860களின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரைக்குப் போட்ட பெருந்தடம் சேலத்தையும் தொடவில்லை, கோவையையும் தொடவில்லை. சேலத்துக்கு அது கடைவீதியிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தள்ளிச் சூரமங்கலத்தில் நின்றது; கோவைக்குப் போத்தனூரில் நின்றது. இதுவரை இரண்டு ஊருக்கும் ஒரே விதி. பிறகுதான் கோவைக்கு யோகம் அடித்தது. நீலகிரிக்குப் போகிறவர்களுக்காக 1873இல் மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்டபோது அது கோவை ஊருக்குள்ளேயே வந்து போயிற்று. நிலையத்திலிருந்து டவுன்ஹாலுக்கு நடந்தே போகலாம். பின்னாளில் இருகூர் வழியாகப் பெருந்தட வண்டிகளும் அந்த நிலையத்துக்குத் திருப்பப்பட்டன. சேலத்துக்கும் கிளைப்பாதை வந்தது. மார்க்கெட், டவுன் என்று இரண்டு நிலையங்கள் ஊருக்குள் கிடைத்தன. ஆனால் அது வெகுகாலம் கழித்து, விருத்தாசலம் பக்கம் போகும் சிறுபாதையாக வந்தது. பெரிய வண்டிகளெல்லாம் இன்றுவரை சூரமங்கலத்து ஜங்ஷனில்தான். ஜங்ஷனைச் சுற்றி எழுந்த ஊர் தனி நகராட்சியாகவே இருந்து, 1994இல் சேலம் மாநகராட்சியானபோதுதான் அதில் சேர்ந்தது. லாட்ஜும் ஓட்டலும் புக்கிங் கடையும் ஒரே இடத்தில் குவிய வேண்டிய காலத்தில் சேலத்தில் அவை இரண்டாகப் பிரிந்தன. இது அளவுகோல் செய்த பிழையில்லை. சேலத்துக்கு உண்மையாகவே நேர்ந்த இழப்பு.

ஆனால் இன்றைய ஒப்பீட்டில் அளவுகோல் செய்யும் பிழை இன்னொன்று இருக்கிறது. கோவையின் நடுநகரம் என்று பெருமைப்படுகிறவர்கள் டவுன்ஹாலை மட்டும் சொல்வதில்லை. காந்திபுரத்தையும் கிராஸ்கட் ரோட்டையும் ஆர்.எஸ்.புரத்தையும் சேர்த்தே சொல்கிறார்கள். டவுன்ஹாலிலிருந்து காந்திபுரம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர். இடையில் ரயில் பாதை குறுக்கிடுகிறது. ஆர்.எஸ்.புரம் 20ஆம் நூற்றாண்டில் புதிதாகப் போட்ட குடியிருப்பு. காந்திபுரத்தைக் கடைத்தெருவாக்கியது பேருந்து நிலையம். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு காரணத்தால் எழுந்த மூன்று மையங்களை ஒரே பெயரில் கூட்டிச் சொல்கிறோம். சேலத்துக்கு வரும்போது மட்டும் கடைவீதியை மட்டும் பிடித்துக்கொண்டு, இவ்வளவுதானா என்கிறோம். அதே 3 கிலோமீட்டர்ச் சலுகையைச் சேலத்துக்கும் கொடுத்தால் கடைவீதி, பழைய பேருந்து நிலையம், செவ்வாய்ப்பேட்டை, நான்கு ரோடு, ஐந்து ரோடு, புதிய பேருந்து நிலையம் எல்லாம் உள்ளே வந்துவிடும். கலெக்டர் அலுவலகம், சுகவனேஸ்வரர் கோயில், கோட்டை அழகிரிநாதர் கோயில் எல்லாம் இதற்குள்தான். ஐந்து ரோட்டில் 2020இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலமும், 2023இல் திறந்த ஈரடுக்குப் பழைய பேருந்து நிலையமும் வெறுமனே கட்டப்பட்டவை இல்லை. அந்தச் சில கிலோமீட்டருக்குள் இத்தனை நெரிசல் இல்லையென்றால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்க என்ன அவசியம்?

இப்படிப் பார்த்தால் எந்தச் சிதறிய ஊரும் எனக்குப் பல மையங்கள் என்று மார்தட்டிக்கொள்ளலாமே, திட்டமில்லாமல் வளர்ந்ததற்கு இது ஒரு சாக்குத்தானே என்று கேட்கலாம். இந்த மறுப்புக்கு மரியாதை உண்டு. நெடுஞ்சாலை ஓரமாகக் கடை, பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம் என்று வரிசையாக நீண்டுகொண்டே போவதையெல்லாம் மையம் என்று சொன்னால் சொல்லுக்கே அர்த்தமில்லாமல் போய்விடும். புறவழிச்சாலையோரக் கட்டடம் சாலை நகர்ந்தால் கூடவே நகரும். பேட்டையின் சங்கதி வேறு. செவ்வாய்ப்பேட்டையில் சந்தை தொடங்கியது மாட்டுவண்டிக் காலத்தில். ரயில் வந்து 5 கிலோமீட்டர் தள்ளி நின்றபோதும் மண்டிக்காரர்கள் அங்கே போகவில்லை. லாரி வந்தபோது லாரி இவர்களைத் தேடி வந்தது. சாலையோரக் கடைவரிசை எதற்கும் இந்தப் பிடிமானம் கிடையாது. அம்மாபேட்டைத் தறிகளும் குகைத் தறிகளும் குறைந்துவிட்டன என்பது உண்மை. பேட்டையின் கோயிலும் கடைத்தெருவும் விழாவும் குறையவில்லை. அந்த வகையில் நான் ஐந்து ரோட்டைப் பற்றிச் சற்றே சந்தேகப்படுகிறேன். இன்றைக்குச் சேலத்தின் பகட்டான பகுதி அதுதான். ஆனால் பேருந்தும் காரும் உண்டாக்கிய இடம், அவை மாறினால் அதுவும் மாறக்கூடும்.

கோவை முந்தியது எதில் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1888இல் ஸ்டேன்ஸ் மில் தொடங்கியது. 1930களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் மில்கள் வரிசையாக எழுந்தன. மில் தொழிலாளிக்கு வாரமோ மாதமோ கூலி கையில் ரொக்கமாக வந்தது. மில்லுக்குப் பாகங்கள் செய்யப் பட்டறைகள், பட்டறைக்காரர்களுக்கு வங்கிகள், அவர்கள் பிள்ளைகளுக்குக் கல்லூரிகள். சேலத்து நெசவு கைத்தறியாகவும் பின்பு விசைத்தறியாகவும் வீட்டுக்குள்ளேயே இருந்தது. நூல் கொடுத்துத் துணி வாங்கும் முதலாளிக்கும் தறிக்காரருக்கும் நடுவில் கூலியின் பெரும்பகுதி முன்பணக் கடனாகவே கழிந்தது. கடைவீதியில் செலவழிக்கக் கையில் காசு மிஞ்சினால்தான் கடைவீதி பளபளக்கும். ஜவ்வரிசித் தொழில் பெரும் பணத்தைக் கொண்டுவந்தது என்றாலும் ஆலைகள் ஆத்தூர், ராசிபுரம் பக்கங்களில் பரவிக் கிடந்தன. 1981இல் தொடங்கிய சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் விற்பனையை ஓரிடத்தில் கூட்டியபோதும் அந்த இடம் கடைவீதிக்கு வெளியில்தான் அமைந்தது. ஒப்பணக்கார வீதிக்கு நிகரான துணிக்கடை வரிசை சேலத்தில் எழாததற்கு இந்தக் கூலிக் கணக்கு பெரிய காரணம். இங்கே சேலத்தின் குறை உண்மையானது. அதை ‘நடுநகரமே இல்லை’ என்ற பொய்யோடு சேர்த்துக் கட்டினால் உண்மையான காரணம் யார் கண்ணுக்கும் படாது.

தெற்கே நாமக்கல்லைப் பார்த்தால் அளவுகோல் எதிர்ப்பக்கம் வளைவது தெரியும். சேலத்துக்கு நடு எது என்று தெரியவில்லை என்கிறவர் நாமக்கல்லில் ஒரு நொடி கூடத் தயங்க மாட்டார். ஒற்றைப் பாறை, அதன் மேல் கோட்டை, பாறையைக் குடைந்து 8ஆம் நூற்றாண்டு வாக்கில் எடுத்த நரசிம்மர், அரங்கநாதர் கோயில்கள், எதிரே கூரையில்லாமல் நிற்கும் 18 அடி ஆஞ்சநேயர், கமலாலயக் குளம், கோட்டை ரோடு, சற்றுத் தள்ளிப் பேருந்து நிலையம். சேலம் ரோடு, திருச்சி ரோடு, பரமத்தி ரோடு, மோகனூர் ரோடு எல்லாம் பாறையைப் பார்த்துத்தான் வந்து சேருகின்றன. இவ்வளவு கச்சிதமான நடுநகரம் இந்தச் சமவெளியில் வேறு இல்லை. ஆனால் 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகும் அளவுக்கு நாமக்கல்லை உயர்த்திய தொழில்கள் எவையும் பாறையடியில் இல்லை. லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் நெடுஞ்சாலை ஓரங்களில். எரிவாயு டேங்கர் லாரிகள் நாடு முழுக்க ஓட்டத்தில். கோழிப்பண்ணைகள் மோகனூர், எருமப்பட்டி, புதுச்சத்திரம் பக்கக் கிராமங்களில். முட்டை விலையை நாமக்கல் மண்டலத்தின் பெயரில் அறிவிக்கிறார்கள், செய்தித்தாளில் நாள்தோறும் வருகிறது. அந்த முட்டைகள் பண்ணையிலிருந்து லாரி ஏறிக் கேரளம் போகும் வழியில் கோட்டை ரோட்டை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கடைவீதியை வைத்து நாமக்கல்லின் பொருளாதாரத்தை எடைபோடுகிறவர் அதைப் பாதிக்கும் கீழாகத்தான் மதிப்பார். சேலத்தை மையம் இல்லாத ஊர் என்று தள்ளுவதும், நாமக்கல்லைச் சின்னக் கடைவீதி என்று தள்ளுவதும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். ஊரின் செல்வம் அதன் நடுவில் குவிந்து தெரிய வேண்டும் என்ற எதிர்பார்ப்புதான் இரண்டுக்கும் அடியில் இருக்கிறது.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா? தாராளமாக ஒப்பிடலாம், சில ஒழுங்குகளோடு. ஒரே சுற்றளவுக்குள் அளக்க வேண்டும். சில்லறையோடு மொத்த வியாபாரத்தையும் எண்ண வேண்டும், சேலம், கோவை இரண்டுக்கும் அப்படியே. விடியற்காலையும் மாலையும் பார்க்க வேண்டும். எந்த ஆண்டு என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடுநகரம் உட்கார்ந்த இடத்திலேயே இருப்பதில்லை. 1990களில் வெளியூர்ப் பேருந்துகள் புதிய நிலையத்துக்குப் போன பிறகு சேலத்தின் பழைய நிலையம் உள்ளூர்க்காரர்களுக்கானதாகிவிட்டது; வெளியூர்க்காரர் கண்ணில் கடைவீதி படுவதே குறைந்தது. சேலத்துக்கு நடுநகரம் இல்லை என்ற பேச்சு வலுத்ததில் இந்த இடமாற்றத்துக்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். நாமக்கல்லுக்கு 2013இல் ரயில் வந்தது. 2024இல் அது மாநகராட்சியாயிற்று. அதே ஆண்டு முதலைப்பட்டியில் புதிய பேருந்து நிலையமும் திறந்தார்கள். சேலத்துக்கு நேர்ந்தது அங்கேயும் நேருமா என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். பாறையும் ஆஞ்சநேயரும் பக்தர்களை ஊருக்குள் இழுத்துக்கொண்டே இருப்பார்கள் என்பதால் கோட்டை ரோடு காலியாகாது. ஆனால் பேருந்துக்காக இறங்கியவர் அப்படியே வாங்கிப்போன பழம், துணி, மருந்து இவற்றின் வியாபாரம் எவ்வளவு புதிய நிலையத்தோடு போகும் என்பது பாறையடிக் கடைக்காரர்களுக்கு இப்போதே தெரியத் தொடங்கியிருக்கும்.